பூட்டானை பிரிட்டிஷார் ஆண்டார்களா, இல்லையா?

மேற்கு வங்கத்தின் ஜெய்கான் கடைத்தெரு ஒரு வாசலில் போய் முடிகிறது. வண்ண வேலைப்பாடுகளோடு உயர்ந்து நிற்கும் அந்த வாசலுக்கு இந்தப் பக்கம் ஹாரன் சத்தமும் தூசியும். அந்தப் பக்கம் புன்ட்ஷோலிங், பூட்டானின் எல்லை ஊர். நமக்கு விசா கிடையாது. பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ காட்டி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் அந்தச் சீட்டுக்கு வரிசையில் நின்றபோதே எங்கள் கூட்டத்தில் வாக்குவாதம் கிளம்பிவிட்டது.

"வெள்ளைக்காரன் கால் வைக்காத நாடுய்யா இது" என்றார் உடன் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். "இல்ல சார், பிரிட்டிஷுக்குக் கப்பம் கட்டின நாடு" என்றான் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் அக்கா மகன். "அட, இது நம்ம நாட்டோட சேர்ந்ததுதானே, அதான் விசா இல்ல" என்று முடித்து வைத்தார் இன்னொருவர். மூன்றுமே தப்பு. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு துளி உண்மை ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் சண்டை ஓயவில்லை.

"அடிமை நாடா, சுதந்திர நாடா?" என்று கேட்டால் பூட்டானின் கதை பிடிபடாது. "எதை எழுதிக் கொடுத்தது, எதைக் கையில் வைத்துக்கொண்டது?" என்று கேட்க வேண்டும்.

பதிவாளர் அலுவலகத்தில் தொடங்குவோம்

சொத்து வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கவே வேண்டாம். நிலத்தைக் கிரயம் பண்ணிக் கொடுத்தால் நிலம் போச்சு, பட்டாவும் மாறும். பவர் எழுதிக் கொடுத்தால் அப்படியில்லை. பட்டா உங்கள் பேரில்தான் இருக்கும், வீட்டில் நீங்கள்தான் குடியிருப்பீர்கள். ஆனால் வெளியிலிருந்து யார் பேச வந்தாலும் "பவர் ஏஜென்டைப் பாருங்க" என்று கைகாட்டுவீர்கள். அந்தப் பவரிலும் பொதுப் பவர் உண்டு, இன்ன காரியத்துக்கு மட்டும் என்ற பவரும் உண்டு. பத்திரத்தில் எழுதியிருக்கும் வரிதான் எல்லாம்.

நாடுகளுக்கு வருவோம். தன் முடிவுகளைத் தானே எடுக்கும் ஒரு நாட்டின் உரிமைக்கு இறையாண்மை என்று பெயர். அதற்கு இரண்டு பக்கம். வரி, வழக்கு, வாரிசு போன்றவை உள்விவகாரம். போர், உடன்படிக்கை, தூதர் போன்றவை வெளிவிவகாரம். இரண்டும் பறிபோனால் அது காலனி, அதாவது கிரயம். உள்விவகாரத்தைப் பெரிதும் தன்னிடம் வைத்துக்கொண்டு, வெளிவிவகாரத்தை ஒரு பெரிய அரசின் கையில் விட்டுவிட்டால் அது காப்பரசு, ஏறக்குறைய பவர்.

இந்த ஒப்புமை ஓர் இடத்தில் இடிக்கும். பவர் ஏஜென்ட் வரம்பு மீறினால் நமக்குக் கோர்ட் இருக்கிறது. பேரரசோடு எழுதிய பத்திரத்துக்கு அப்படி ஒரு கோர்ட் இல்லை. வரிக்கு அர்த்தம் சொல்வதும் பெரும்பாலும் பலசாலிதான்.

வாசல்கள் யார் கையில்?

பூட்டான் மலை நாடு. அதன் தெற்கு விளிம்பில் மலை இறங்கிச் சமவெளியைத் தொடும் காட்டுப்பகுதிக்கு துவார்கள் என்று பெயர். நம் 'துவாரம்', 'துவாரபாலகர்' எல்லாம் எந்த வேரோ அதே வேர்தான், வாசல் என்று பொருள். மொத்தம் 18 துவார்கள், வங்காளப் பக்கம் 11, அசாம் பக்கம் 7. மலையில் விளையாத நெல்லும் பஞ்சும் பாக்கும் பூட்டானுக்கு இந்த வாசல்கள் வழியாகத்தான் கிடைத்தன. மலைக்காரனுக்கு இது சோற்றுப் பானை. கொஞ்சம் தெற்கே வங்காளத்தில் காலூன்றியிருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இது எல்லைத் தலைவலி, பின்னாளில் தேயிலைக் காடு.

முதல் மோதல் 1772இல். கூச் பெஹார் அரசின் வாரிசுச் சண்டையில் பூட்டான் படையோடு தலையிட்டது. கூச் பெஹார் கம்பெனியிடம் ஓடிப்போய் உதவி கேட்டது. உதவி கிடைத்தது, விலையும் வந்தது: 1773 ஒப்பந்தப்படி கூச் பெஹாரின் வருவாயில் பாதி கம்பெனிக்கு. அடி வாங்கிய பூட்டானுக்காகத் திபெத்தின் மதகுருவான பஞ்சென் லாமா, கம்பெனியின் வங்காள கவர்னர் வாரன் ஹேஸ்டிங்ஸுக்குச் சமாதானக் கடிதம் எழுதினார். 1774இல் ஒப்பந்தம் ஆனது.

அக்கா மகன் சொன்ன 'கப்பம்' இந்த ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. சிச்சாகோட்டா என்ற சமவெளித் துண்டை வைத்துக்கொள்வதற்காக பூட்டான் ஆண்டுக்கு தாங்கன் என்னும் மலைக் குதிரைகள் ஐந்தைக் கம்பெனிக்குத் தர வேண்டும் என்று எழுதினார்கள். அதற்கு முன் கூச் பெஹார் ராஜாவுக்குக் கொடுத்து வந்த அதே குதிரைகள். ஆக, அது ஒரு துண்டு நிலத்துக்கான குத்தகை. நாட்டையே அடகு வைத்ததற்கான கப்பம் இல்லை. குத்தகைக் காணியை வைத்து ஒருவரின் சொந்த வீட்டையும் குத்தகை என்று சொல்லிவிட முடியாதல்லவா?

அதே வருடம் ஹேஸ்டிங்ஸ் அனுப்பிய ஜார்ஜ் போகிள் பூட்டான் வழியாகத் திபெத்துக்குப் போனார். போகிற வழியில் தங்கிய இடங்களில் உருளைக்கிழங்கு நட்டுவிட்டுப் போனார், ஹேஸ்டிங்ஸ் அப்படிச் சொல்லி அனுப்பியிருந்தார். பேரரசுகள் நட்டதில் யாரும் குறை சொல்லாத பயிர் இதுவாகத்தான் இருக்கும்.

1826இல் பர்மாவிடமிருந்து அசாம் பிரிட்டிஷார் கைக்கு வந்தபின் உரசல் கூடியது. 1841இல் அசாம் துவார்கள் ஏழையும் எடுத்துக்கொண்டு ஆண்டுக்கு 10,000 ரூபாய் ஈட்டுத் தொகை தந்தார்கள். நிலத்தை எடு, ஆண்டுத் தொகை கொடு. இந்த ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுக்க இதுதான் திரும்பத் திரும்ப வரும்.

இதுவரை: சண்டை மலைக்காக நடக்கவில்லை, மலையின் வாசலுக்காக நடந்தது. பூட்டான் கொடுத்த குதிரை ஒரு துண்டு நிலத்துக்கு. கம்பெனி கொடுத்த பணம் ஏழு துவார்களுக்கு.

புனாக்காவில் ஒரு கையெழுத்து

எல்லையில் ஆள் கடத்தல், கொள்ளை என்று இரு தரப்பும் மாறி மாறிக் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தன. பேசித் தீர்க்க ஆஷ்லி ஈடன் என்ற அதிகாரி அனுப்பப்பட்டார். வழி நெடுக பூட்டான் அதிகாரிகள் "திரும்பிப் போங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தும், 1864 மார்ச்சில் அவர் பூட்டானின் அன்றைய தலைநகரான புனாக்கா போய்ச் சேர்ந்தார். அழையா விருந்தாளி.

அங்கே நடந்ததை ஈடனே அறிக்கையில் எழுதியிருக்கிறார். அப்போது பூட்டானில் செல்வாக்கு மிக்கவராக இருந்த தொங்சா பென்லோப், அதாவது தொங்சா பகுதியின் ஆளுநர், சபை நடுவே ஈரமாவை எடுத்து அவர் முகத்தில் தேய்த்தாராம், தலைமுடியைப் பிடித்து இழுத்தாராம். பிறகு அசாம் துவார்களைத் திருப்பித் தருவதாக எழுதிய ஒரு பத்திரத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். ஈடன் போட்டார். கூடவே இரண்டு பிரதியிலும் 'கட்டாயத்தின் பேரில்' என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களையும் எழுதிவிட்டார். பிறகு இருட்டோடு இருட்டாக ஊரைவிட்டுக் கிளம்பினார்.

இந்தச் சம்பவத்துக்கு நமக்குப் பரவலாகக் கிடைப்பது அவமானப்பட்டவரின் வாக்குமூலம் மட்டுமே என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். இருந்தாலும் அந்த இரண்டு சொற்கள் ஒன்றைக் காட்டுகின்றன: மிரட்டி வாங்கிய கையெழுத்து செல்லாது என்ற விதியை பிரிட்டிஷார் நன்றாகவே அறிந்திருந்தார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் பூட்டானிடம் வாங்கிய கையெழுத்துக்கு அந்த விதி ஞாபகம் வரவில்லை.

கப்பம் கொடுத்தது யார்?

1864 நவம்பரில் துவார் போர் தொடங்கியது. சுலபமாக முடியும் என்று நினைத்தார்கள். 1865 தொடக்கத்தில் தேவான்கிரி என்ற இடத்தில் பூட்டான் படை திருப்பி அடித்ததில், பிரிட்டிஷ் படை இரண்டு பீரங்கிகளைப் போட்டுவிட்டு ஓடியது. சில மாதங்களில் இடம் மீட்கப்பட்டது. 1865 நவம்பர் 11 அன்று சின்சுலா ஒப்பந்தம் கையெழுத்தானது.

பூட்டான் இழந்தது, ஏற்கெனவே கைவிட்டுப் போன அசாம் துவார்கள் ஏழையும் சேர்த்து, 18 துவார்களையும். டீஸ்டா ஆற்றின் இடக்கரை மலைப்பகுதியும் போயிற்று, இன்றைய கலிம்போங் அங்கேதான் இருக்கிறது. ஈடனிடம் எழுதி வாங்கிய பத்திரத்தையும் திருப்பித் தர வேண்டியிருந்தது. பதிலுக்கு பிரிட்டிஷ் அரசு பணம் தரும். முதலில் 25,000 ரூபாய், அடுத்த ஜனவரி 10 அன்று 35,000, அதற்கடுத்த ஜனவரி 10 அன்று 45,000, பிறகு ஒவ்வொரு ஜனவரி 10 அன்றும் 50,000. அந்தப் பணம் எடுத்துக்கொண்ட துவார்களின் வருவாயிலிருந்தே ஒதுக்கப்படும். வாங்க வருகிறவர் ஜோங்பென், அதாவது கோட்டைத் தலைவர் பதவிக்குக் கீழ்ப்பட்டவராக இருக்கக் கூடாது. ஏனோதானோ என்று ஓர் ஆளை அனுப்பக் கூடாதாம்!

ஆக, ஆண்டுதோறும் பணம் கொடுத்தது பேரரசு, வாங்கியது குட்டி நாடு. வெளியிலிருந்து பார்த்தால் பிரிட்டிஷார்தான் கப்பம் கட்டியது போலத் தெரியும். ஆனால் அடுத்த ஷரத்தில் கொக்கி இருந்தது. பூட்டான் சரியாக நடந்துகொள்ளாவிட்டால், தன் ஆட்கள் எல்லையில் செய்யும் அத்துமீறலைத் தடுக்காவிட்டால், தொகையை முழுதாகவோ பகுதியாகவோ எப்போது வேண்டுமானாலும் நிறுத்தி வைக்க பிரிட்டிஷாருக்கு உரிமை உண்டு. சரியாக நடந்துகொண்டதா என்று தீர்மானிப்பதும் அவர்களே. ஆண்டுத் தொகை என்ற பெயரில் வந்தது கடிவாளமாகவும் வேலை செய்தது. சிக்கிமோடும் கூச் பெஹாரோடும் வழக்கு வந்தால் பிரிட்டிஷாரே மத்தியஸ்தர் என்று இன்னொரு ஷரத்தும் இருந்தது.

கவனியுங்கள், இதில் எங்கேயும் 'பூட்டான் எங்களுடையது' என்று எழுதவில்லை. அது தேவைப்படவும் இல்லை. துவார்கள் கைக்கு வந்தபின் 1870களிலேயே அங்கே தேயிலைத் தோட்டங்கள் வரத் தொடங்கின. மிச்சமிருந்த செங்குத்து மலைகளைப் பிடித்து ஆள்வதற்கு ஆகும் செலவில் அங்கிருந்து வரவு எதுவும் வராது. பூட்டான் காலனி ஆகாமல் தப்பியதற்குக் கோட்டைகளும் வீரமும் காரணம்தான், மறுக்கவில்லை. கணக்குப் புத்தகமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

1910: இரண்டு வாக்கியங்கள்

அடுத்த நாற்பது ஆண்டுகளில் ஆட்கள் மாறினார்கள். ஈடன் முகத்தில் மாவு பூசியதாகச் சொல்லப்படும் ஜிக்மே நம்கியலின் மகன் உக்யென் வாங்சுக், 1904இல் பிரிட்டிஷ் படை லாசாவுக்குப் போனபோது கூடவே போய்த் திபெத்தியர்களோடு சமரசம் பேசினார். மறு வருடம் அவருக்கு 'சர்' பட்டம் வந்தது. 1907 டிசம்பர் 17 அன்று புனாக்காவில் பூட்டானின் முதல் பரம்பரை மன்னராக முடிசூடினார்.

இதே சமயம் சீனப் படைகள் திபெத்துக்குள் வந்துகொண்டிருந்தன. பூட்டானோடு சீனா நேரடியாகப் பேச ஆரம்பித்தால் தேயிலைத் தோட்டங்களுக்கு மேலேயே இன்னொரு பேரரசு வந்து உட்கார்ந்துவிடும் என்ற பயம் கல்கத்தாவில் இருந்த பிரிட்டிஷ் அரசுக்கு. சிக்கிமில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக இருந்த அரசியல் அதிகாரி சார்லஸ் பெல் புனாக்காவுக்குப் போனார். 1910 ஜனவரி 8 அன்று புது ஒப்பந்தம். உண்மையில் முழுப் புதுசும் இல்லை, சின்சுலாவின் இரண்டு ஷரத்துகளைத் திருத்தினார்கள். ஒன்று, ஆண்டுத் தொகை 50,000இலிருந்து ஒரு லட்சம் ஆனது. இன்னொன்றுதான் விஷயம். அதன் சாரத்தைத் தமிழில் சொன்னால்:

பூட்டானின் உள்நிர்வாகத்தில் பிரிட்டிஷ் அரசு தலையிடாது. வெளியுறவில் பிரிட்டிஷ் அரசின் ஆலோசனைப்படி நடக்க பூட்டான் அரசு சம்மதிக்கிறது.

முதல் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டால் ஆசிரியர் சொன்னது சரி, யாரும் ஆளவில்லை. இரண்டாவதைப் பிடித்துக்கொண்டால் இது காப்பரசு. ஆனால் அந்த 'ஆலோசனைப்படி' என்ற சொல்லைக் கொஞ்சம் உருட்டிப் பாருங்கள். பெரியப்பாவைக் கேட்டுச் செய்கிறேன் என்று ஒருவர் சொன்னால், பெரியப்பா வேண்டாம் என்றால் செய்யமாட்டார் என்று அர்த்தமா? இல்லை, கேட்டுவிட்டுத் தன் விருப்பப்படி செய்யலாமா? பத்திரம் சொல்லவில்லை. 'கட்டளைப்படி' என்று எழுதியிருந்தால் பூட்டான் கையெழுத்துப் போட்டிருக்குமா என்பது சந்தேகம். 'கேட்டால் கேட்கலாம்' என்று எழுதியிருந்தால் பெல் மலையேறி வந்ததே வீண். இரண்டு பேரும் ஒரே சொல்லை அவரவருக்கு வேண்டிய அர்த்தத்தில் வாங்கிக்கொண்டு எழுந்து போனார்கள். அந்த இழுபறிச் சொல் 97 ஆண்டுகள் வாழ்ந்தது.

சுருக்கமாக: 1865இல் போனது நிலம், அது கிரயம். 1910இல் போனது வெளியுறவில் தனித்து முடிவெடுக்கும் உரிமையின் ஒரு பங்கு. அது எவ்வளவு பங்கு என்பது எழுதப்படவில்லை.

பக்கத்து வீட்டு சிக்கிம்

ஒரே பேரரசு, ஒரே மலைத்தொடர். ஆனாலும் சிக்கிமுக்கு வேறு கதி. அங்கே ஆரம்பம் இனிமையாகத்தான் இருந்தது. 1817இல் ஒப்பந்தம், 1835இல் டார்ஜிலிங்கை சிக்கிம் மன்னர் தானமாக எழுதிக் கொடுத்தார். தானம் கொடுத்தவருக்குப் பிற்பாடு ஆண்டுக்கு 3,000, அப்புறம் 6,000 ரூபாய் என்று வந்தது. பிறகு தகராறு முற்றி சிக்கிமின் அடிவாரப் பகுதியும் பறிபோனது. 1861இல் தும்லோங்கில் கைகட்டும் ஒப்பந்தம். அதில் பிரிட்டிஷ் தரப்பில் நின்றவர் யார் தெரியுமா? மூன்று வருடம் கழித்து புனாக்காவில் மாவு பூசப்பட்ட அதே ஆஷ்லி ஈடன். சிக்கிமில் நடந்தது போலவே பூட்டானிலும் நடக்கும் என்று அவர் நினைத்துப் போயிருந்தால் ஆச்சரியமில்லை.

1890 மார்ச் 17 அன்று கல்கத்தாவில் பிரிட்டனும் சீனாவும் ஓர் உடன்படிக்கை செய்தன. சிக்கிம் பிரிட்டனின் காப்பரசு, அதன் உள்நிர்வாகத்திலும் வெளியுறவிலும் நேரடியான, முழுமையான கட்டுப்பாடு பிரிட்டனுக்கே என்று அதில் எழுதினார்கள். அந்தப் பத்திரத்தில் சிக்கிமின் கையெழுத்து இல்லை. வீட்டைப் பற்றிய பத்திரம், வீட்டுக்காரர் சாட்சியாகக்கூட இல்லை.

காங்டாக்கில் பிரிட்டிஷ் அரசியல் அதிகாரி நிரந்தரமாக உட்கார்ந்தார். மன்னர் துதோப் நம்கியல் பல ஆண்டுகள் தன் தலைநகருக்கு வெளியே காவலில் கழித்தார். பூட்டானில் இப்படி நிரந்தரமாக உட்கார்ந்த அதிகாரி யாரும் கிடையாது. காங்டாக் அதிகாரியே எப்போதாவது போய் வருவார். லாசாவுக்குப் போகும் சௌகரியமான பாதை சிக்கிம் வழியாகப் போனதுதான் இந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம்.

'காப்பரசு' என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டால் என்ன ஆகும் என்று பார்த்தீர்களா? சிக்கிமுக்கு அது பொதுப் பவருக்கும் மேலே. பூட்டானுக்கு ஒரே ஒரு காரியத்துக்கான பவர், அதுவும் வாசகம் தெளிவில்லாதது.

1947க்குப் பிறகு

அப்படியானால் புதுக்கோட்டை 1948இல் இணைந்தது போல பூட்டான் ஏன் இந்தியாவோடு இணையவில்லை? புதுக்கோட்டை ஒரு சமஸ்தானம். சமஸ்தானம் என்றால் வெளியுறவு முழுக்க பிரிட்டிஷார் கையில், உள்ளேயும் அவர்கள் நினைத்தால் கை வைக்கலாம். மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் ஆஸ்திரேலியப் பெண்ணான மோலி ஃபிங்கை மணந்தபோது, அவர்கள் மகனை வாரிசாக ஏற்க மறுத்து அரியணையையே வேறு கிளைக்குத் திருப்பினார்கள். பூட்டானின் 1910 ஷரத்தில் அப்படி ஓர் அதிகாரம் எழுதித் தரப்படவில்லை. ஆகவே பூட்டான் இணைப்புப் பத்திரத்தில் கையெழுத்திடவில்லை. 1949 ஆகஸ்ட் 8 அன்று டார்ஜிலிங்கில் இந்தியாவோடு தனியாக ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது.

அந்த ஒப்பந்தத்தில் பழைய கட்டமைப்பு அப்படியே இருந்தது. உள்விவகாரத்தில் தலையீடு இல்லை, வெளியுறவில் இந்திய அரசின் ஆலோசனைப்படி நடப்பது. பிரிட்டிஷ் என்ற இடத்தில் இந்தியா. ஆண்டுத் தொகை ஐந்து லட்சம் ஆனது. 1865இல் பிரிட்டிஷார் பீரங்கியைப் போட்டுவிட்டு ஓடிய அந்த தேவான்கிரியில் 32 சதுர மைல் பூட்டானுக்குத் திரும்பக் கிடைத்தது.

பேரரசு போனது, அதன் வாக்கியம் போகவில்லை. ஆனால் பூட்டான் அந்தச் சொல்லைத் தன் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தது. 1971இல் இந்தியாவின் ஆதரவோடு ஐ.நா.வில் உறுப்பினர் ஆனது. 1984 முதல் எல்லை பற்றி சீனாவோடு நேரடியாகவே பேசுகிறது. 2007 பிப்ரவரியில் டெல்லியில் கையெழுத்தான புது ஒப்பந்தத்தில் 'ஆலோசனைப்படி' என்ற சொல் எடுக்கப்பட்டது. தேசிய நலன் சார்ந்தவற்றில் நெருங்கி ஒத்துழைப்பது, ஒருவர் மண்ணை மற்றவருக்கு எதிராகப் பயன்படுத்த விடாதிருப்பது என்று அந்த இடத்தில் வந்தது. ஜெய்கான் வாசலில் விசா கேட்காதது இந்த நெருக்கத்தின் ஒரு முகம். சேர்ந்திருப்பதன் அடையாளம் இல்லை. சிக்கிமின் காப்பரசு நிலையோ 1950இல் இந்தியாவின் பெயருக்கு மாறி, 1975இல் 22ஆவது மாநிலமாக முடிந்தது.

2017இல் இந்தியா, சீனா, பூட்டான் எல்லைகள் சந்திக்கும் டோக்லாமில் இந்திய, சீனப் படைகள் எழுபது நாளுக்கு மேல் எதிரெதிரே நின்றபோது சீனா ஒரு பழைய பத்திரத்தை எடுத்துக் காட்டியது. சிக்கிமுக்கும் திபெத்துக்கும் இடையிலான எல்லை பூட்டான் எல்லையில் உள்ள கிப்மோச்சி மலையில் தொடங்குகிறது என்று சொல்லும் பத்திரம். அதே 1890 கல்கத்தா உடன்படிக்கைதான். டோக்லாமைத் தன் நிலம் என்று சொல்லும் பூட்டானின் கையெழுத்தும் அதில் இல்லை.